பத்தியம்

வட யூட்லாந்தில் ஜனவரி.
காலை எட்டாகியும் விடியவில்லை.
மூவாயிரம் கன மீட்டர் வயிறு ஒன்றுக்கு
நான் இரவுக் காவல்.

வெளியே உறைபனி, உள்ளே ஐம்பத்திரண்டு டிகிரி.
கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடிப் பேர்
அந்த இருட்டில் சமைக்கிறார்கள்.
ஞாயிறு இல்லை அவர்களுக்கு, தொழிற்சங்கம் இல்லை.
கோபம் மட்டும் உண்டு.

பன்றிச் சாணம் என்று பெயர்தான்;
பெரும்பாலும் தண்ணீர்.
சத்தையெல்லாம் பன்றியே எடுத்துக்கொண்டபின்
எனக்கு வருவது கழுவிய பாத்திரத்தின் நீர்.
அதை மட்டும் ஊற்றினால்
மானியின் முள் சோம்பலாகத் தலை தூக்கும்,
மறுபடி படுத்துக்கொள்ளும்.

அதனால் துறைமுகத்து மீன் ஆலையின் எண்ணெய்க் கசடு,
பாலாடைக்கட்டிக் கூடத்தின் புளித்த நீர்,
கசாப்பு ஆலையில் வழித்தெடுத்த கொழுப்பு.
பழையதுக்கு ஊறுகாய்போல
தொட்டுக்கொள்ள மட்டும்.
இது எனக்குத் தெரியும்.
தெரிந்திருந்தும்தான் திறந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு
ஐஸ்கிரீம் ஆலையின் குளிரறை செத்துப்போனது.
இருபத்திரண்டு டன் ஸ்ட்ராபெரி,
உருகி, இளஞ்சிவப்பாய்,
தோர்கில்லின் லாரியில் வந்து நின்றது.
தொலைபேசியில் ஸ்வென்னிங் சொன்னார்:
"முழுவதும் ஊற்று. இந்தக் குளிரில் வாயு நல்ல விலை."
வால்வில் இருந்தது என் கை,
அவருடையது அல்ல.

முதல் இரவு, என்ன சொல்ல,
முள் எழுந்து நின்று ஆடியது.
பதினோரு வருடத்தில் காணாத எண்.
ஸ்வென்னிங் கேக் அனுப்பினார்.

இரண்டாம் நாள் புளிப்பு.
மூன்றாம் நாள் நுரை.
பார்வைக் கண்ணாடியைத் தாண்டி,
வாயுக் குழாயின் கழுத்துவரை
பழுப்பாய், மெதுவாய், அவசரமே இல்லாமல்
ஏறி வந்தது.
பாதுகாப்பு வால்வு ஒரு ஏப்பம் விட்டது;
ஊர் முழுக்கக் கேட்டிருக்கும்.
பிறகு முள் படுத்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும்
எண்ணெய்க் கொதிகலனைப் பற்றவைத்தோம்,
தலைகுனிந்துகொண்டு.

மாதம் தவறாமல் நாற்றத்தைப் பற்றி
புகார் எழுதும் மோகன்ஸ்
இந்த முறை ஒரே வரி எழுதியிருந்தார்:
"பிள்ளைகள் இனிப்பு கேட்கிறார்கள், என்ன செய்கிறீர்கள் அங்கே?"

அஸ்தா நோர்ஸ்கோவ் தன் பண்ணைச் சாணத்தோடு வந்தாள்.
தொட்டியை ஒருமுறை சுற்றினாள்,
மாதிரிக் குவளையை முகர்ந்தாள்.
"என் பசு ஒன்று பார்லிக் கிடங்கை உடைத்து
வயிறு முட்டத் தின்றது போன வருடம்.
இதே மூச்சு. இதே நுரை.
வைக்கோல் தவிர எதுவும் காட்டவில்லை நான்."
"பிழைத்ததா?"
"பால் கறந்துவிட்டுத்தான் வருகிறேன்."

லங்கணம். ஐந்து நாள் ஒன்றும் கொடுக்கவில்லை.
ஆறாம் நாள் பக்கத்து ஊர்த் தொட்டியிலிருந்து
உயிருள்ள குழம்பு ஒரு லாரி,
தயிருக்கு உறை ஊற்றுவதுபோல்.
பிறகு அஸ்தாவின் மாட்டுச் சாணம்,
மணிக்கு ஒரு வாய்.
கிளறியை மெல்ல ஓடவிட்டு
சுவரில் காது வைத்துக் கிடந்தேன்.
அது வெறும் எஃகு என்று யாராவது சொன்னால்
அன்றைக்குச் சண்டைக்குப் போயிருப்பேன்.

பதினான்காம் நாள், விடியுமுன் நாலு மணி:
ஒரு குமிழி.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.

மிச்ச ஐஸ்கிரீம் தனித்தொட்டியில் குளிர்ந்து கிடக்கிறது.
மணிக்கொரு முறை, மூன்றே நிமிடம்.
முள் இப்போது முன்னைவிட உயரத்தில் நிற்கிறது,
ஆடாமல்.
வெளியேறும் குழம்புக்கும் மூடி போட்ட இரண்டாம் தொட்டி கேட்டிருக்கிறேன்;
அதிலும் வாயு மிச்சமிருக்கிறது,
காற்றில் விடுகிறோம்.
ஸ்வென்னிங் யோசிப்பதாகச் சொன்னார்.
கேக் வரவில்லை.

ஊருக்கு வெந்நீர் போகும் குழாயின் மேல்
சாலைப் பனி ஒரு கோடாய் உருகியிருக்கிறது.
மோகன்ஸின் பூனை
பாதம் நனையாமல்
அந்தக் கோட்டிலேயே நடந்து போகிறது.